கேமரா மூடியிருந்த ஏழு பேர்: பேராக் தோட்டப்புறத்தில் ஓர் இயங்கலைத் தவணை

பின்னணி

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படித்த ஏழு மாணவர்கள், 2021-இன் முதல் தவணை முழுவதையும் தென்பேராக்கில் உள்ள தங்கள் ஊரிலிருந்தே படித்தார்கள். ஊர் என்றால் நீளமாக ஒரே கடைத்தெரு, ஒரு பெட்ரோல் நிலையம், தமிழ்ப்பள்ளி, வாரத்துக்கு ஒரு நாள் சந்தை. சுற்றிலும் செம்பனை. நால்வருடைய வீடு கடைத்தெருவிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உள்ளே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். மற்ற மூவர் நகரை ஒட்டிய மலிவுவிலை வீடுகளில் இருந்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

கோவிட் தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கியது. அந்த மே மாதக் கடைசியில், ஆண்டு முடியும்வரை கற்றல் கற்பித்தல் பெரும்பாலும் இயங்கலையில்தான் (இணையவழியில்) என்று உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. ஆகவே 2021 பிப்ரவரி 22-இல் தொடங்கிய இந்தத் தவணை, இவர்களுக்கு மூன்றாவது இயங்கலைத் தவணை. கல்லூரியும் பழகிவிட்டது, மாணவர்களும் பழகிவிட்டார்கள் என்றே துறையில் எண்ணினார்கள். முதலாண்டில் காட்டிய விட்டுக்கொடுப்புகள் எல்லாம் இந்தத் தவணையில் நின்றன: நேரலை வகுப்பில் 80 விழுக்காடு வருகை இருக்க வேண்டும், பெயர் கூப்பிடும்போது கேமரா திறந்திருக்க வேண்டும், வாரத் தேர்வுக்கு 30 நிமிடம்.

முதல் நான்கு வாரம்: கண்ணில் பட்டவை

விரிவுரையாளர்களின் குறிப்புகளில் ஏழு பேரைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே வாசகம் இருந்தது. கேமரா மூடியே இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் இல்லை, காலை 8 மணி வகுப்புக்கு வருவதில்லை. மூன்றாம் வாரத்தில் ஐவர் 80 விழுக்காட்டுக்குக் கீழே போயிருந்தார்கள்.

நான்காம் வாரம் துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கல்லூரி விதிப்படி அது சரிதான். ஆனால் லயத்து வீடுகளுக்குத் தனித்தனித் தபால்பெட்டி கிடையாது; எல்லாக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிப் போகும். ஆங்கிலத்தில் இருந்த கடிதத்தை ஒரு மாணவியின் அப்பா தோட்ட எழுத்தரான கிராணியிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். மறுநாள் காலை வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்றவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது. அதுவரை வாரத்துக்கு இரண்டு வகுப்பிலாவது தலைகாட்டிய அந்த மாணவி (இனி மாணவி க) அதன்பிறகு எதிலும் வரவில்லை.

துறையின் கோப்பில் இது 'கடிதத்துக்குப் பதில் இல்லை' என்று மட்டுமே பதிவாகியிருந்தது.

இதற்கு மாறான தகவல் ஒன்றும் கல்லூரியின் கற்றல் தளத்திலேயே கிடந்தது, அதுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மாணவர் நலப் பிரிவின் அதிகாரி ஏழு பேரின் ஒப்படைப்பு நேரங்களை இறக்கிப் பார்த்தார். லயத்து நால்வரும் ஒப்படைப்புகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாம் நள்ளிரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். மாணவி க ஒரே கணக்கியல் பயிற்சியை ஒரே இரவில் ஐந்து முறை பதிவேற்ற முயன்றிருந்தார். முதல் நான்கும் பாதியில் அறுந்தவை. படிப்பில் அக்கறை இல்லாத பிள்ளை விடியற்காலை மூன்று மணிக்கு ஐந்தாம் முறை முயல மாட்டாள். துறையின் பார்வை மாறியது இங்கேதான்.

வீட்டில் என்ன நடந்தது

ஐந்தாம் வாரம் ஏழு வீட்டுக்கும் தொலைபேசியில் அழைத்து, வருகையைப் பற்றிப் பேசாமல் மூன்றே விவரம் கேட்டார்கள்: வீட்டில் எத்தனை கைப்பேசி, எந்த மணியில் அது யார் கையில், உட்கார்ந்து எழுத இடம் எங்கே.

மாணவி க-வின் கைப்பேசி அவருடையதுதான். ஆனால் இடைநிலைப்பள்ளி ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை இரண்டாம் படிவத் தம்பி காலை முழுதும் அதில்தான் வீட்டிலிருந்தே பாடம் படித்தான். அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்த நாளுக்கு 1 ஜிபி இலவசத் தரவு காலை 8 முதல் மாலை 6 வரைக்கும்தான். கைப்பேசி க-வின் கைக்கு வரும்போது அன்றைய இலவசத் தரவு தீர்ந்திருக்கும். இரவு 8 முதல் 11 வரை ஊரே அலைபேசிக் கோபுரத்தில் தொங்கும், எதுவும் ஏறாது. அதனால் 1 மணிவரை காத்திருப்பார். நாலரைக்கு அம்மா எழுந்து சோறு வடிப்பார், அப்பா ஆறு மணிக்குப் பெரட்டில் இருக்க வேண்டும். ஒரே அறையில் விளக்கு எரியும்போது தூங்க முடியாது. எட்டு மணி வகுப்பு எப்படி முடியும்?

மின்துறை மாணவர் ஒருவர் (மாணவர் ச) கேட்டுக்கொண்டபடி லயத்தில் அலைவலிமையை அளந்து அனுப்பினார். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அமைப்பு, கைப்பேசி விவரம், சிம் நிலை என்று போனால் டிபிஎம் அளவு தெரியும். எதிர்மறை எண், பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. வீட்டுக்குள் துத்தநாகக் கூரைக்குக் கீழே -114, திண்ணையில் -108, பெரிய சாலையை ஒட்டிய தோட்ட மண்டபத்தின் வாசலில் -93. 4ஜி-யில் -110-க்குக் கீழே போனால் நேரலை வகுப்பு சீராக நடப்பது கடினம்.

இந்த இடத்தில் பல கல்லூரிகள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. 'எனக்குக் காணொளி ஓடுகிறது, ஒப்படைப்பு மட்டும் ஏறவில்லை' என்று மாணவர் சொன்னால் அது சாக்குப்போக்காகக் கேட்கும். அப்படி அல்ல. கோபுரம் பல வாட் வலிமையில் அனுப்புகிறது. கைப்பேசி அதிகபட்சம் 0.2 வாட். ஓரத்தில் இருக்கும் வீட்டுக்குக் கோபுரத்தின் குரல் எட்டும், வீட்டின் குரல் கோபுரத்துக்கு எட்டாது. அதனால் இறங்குவது இறங்கும், ஏறுவது அறுந்து போகும். கேமராவைத் திறப்பதும் பதிவேற்றம்தான். பெயர் கூப்பிட்டவுடன் கேமராவைத் திறந்த மாணவர் வகுப்பிலிருந்தே தூக்கி எறியப்படுவதும், அது 'வெளியேறினார்' என்று பதிவாவதும் இதனால்தான்.

முடிவுகள்

ஆறாம் வாரத் தொடக்கத்தில் துறைத் தலைவர், மாணவர் நல அதிகாரி, பதிவு பெற்ற மனநல ஆலோசகர், இரு விரிவுரையாளர்கள் கூடி எடுத்த முடிவுகளில் முதலாவது, நேரலை வருகையைக் கணக்கிடுவதை நிறுத்துவது. அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு சிறு ஒப்படைப்பு வந்தால் அந்த வாரம் வருகை. எதிர்ப்பு இருந்தது; 'பிள்ளைகள் வகுப்புக்கே வரமாட்டார்கள்' என்றார் ஒரு விரிவுரையாளர். நேரலைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஒப்படைப்பு எண்ணிக்கை கூடியது.

இரண்டாவது, பாடத்தின் எடையைக் குறைப்பது. கேமரா திறந்த குழு வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை விழுங்கும். அதே பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகக் குரல்பதிவு செய்து 24 கேபிபிஎஸ் அளவில் சுருக்கினால் ஒரு துண்டு 2 எம்பிக்கும் குறைவு. அத்துடன் படவில்லைகளைப் பிடிஎஃப் ஆக்கி 1 எம்பிக்குள் வைத்தால் புலனத்திலேயே (வாட்ஸ்அப்) அனுப்பிவிடலாம். முதல் வாரம் இது சொதப்பியது. விரிவுரையாளர்கள் ஒரு மணி நேர உரையை அப்படியே ஆறாக வெட்டி அனுப்பினார்கள்; 'இங்கே பாருங்கள்' என்று அவர்கள் சுட்டிக்காட்டியது எந்தப் படவில்லை என்று கேட்பவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் படவில்லை எண்ணைச் சொல்வது, ஒரு துண்டுக்கு ஒரு கணக்கு மட்டும் என்று கட்டுப்பாடு வந்தது. ஒப்படைப்புக்கும் இதே சிக்கல்: பத்துப் பக்கத்தைப் படம் பிடித்தால் 30 எம்பி தாண்டும். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கினால் 2 எம்பி. எப்படிச் செய்வது என்று மூன்று நிமிடக் குரல்பதிவு ஒன்று தமிழில் அனுப்பப்பட்டது. அந்தத் தவணையிலேயே அதிகம் பகிரப்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

30 நிமிடத் தேர்வு 24 மணி நேர அவகாசமாக மாறியது. பார்த்து எழுதுவதைத் தடுக்க, வகுப்பில் ஐந்தில் ஒருவரைத் தேர்ந்து பத்து நிமிடம் தொலைபேசியில் 'இந்த வரியை ஏன் இப்படிப் போட்டாய்' என்று கேட்டார்கள். எல்லோரையும் கேட்டால் 38 பேர் வகுப்புக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அது நடக்காத காரியம்.

மூன்றாவது, இடம். தோட்ட நிர்வாகி மண்டபத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். காவல் நிலையத்துக்கும் எழுதித் தரப்பட்டது. ஆறு மேசை, இடைவெளி விட்டு. கல்லூரி ஆய்வகத்தில் பூட்டிக் கிடந்த மடிக்கணினிகளில் மூன்று கூரியரில் வந்தன. ஒன்றின் பேட்டரி உப்பியிருந்ததால் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வெளிப்புற 4ஜி மோடம் ஒன்றை மாணவர் ச கம்பத்தில் கட்டி, கூரைக்கு மேல் நான்கு மீட்டர் உயரத்தில் நிறுத்தினார். அலைவாங்கியை மட்டும் மேலே வைத்து மோடத்தைக் கீழே வைத்தால் இடையிலுள்ள பத்து மீட்டர் மெல்லிய கேபிளே கிடைத்த வலிமையில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மோடமே மேலே இருக்க வேண்டும், மின்சாரம் வலைக் கம்பி வழியே ஏறும்.

மண்டபம் ஏப்ரல் 5 முதல் மாலை 3 மணிக்குத் திறந்து இரவு 9 மணிவரை. முதல் வாரம் இருட்டிய பிறகு ஆண் பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை, அதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவும் இல்லை. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் முன்பு வேலை பார்த்த ஓர் அம்மாவை, மாலைக்கு 20 ரிங்கிட் கொடுத்து, வாசலில் உட்காரச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை மூன்று மாணவிகளும் வந்தார்கள்.

மாணவி க

மண்டபத்துக்கு வந்தார், ஒப்படைப்பும் அனுப்பினார். ஆனால் யாருடனும் பேச்சில்லை. 'பிள்ள சாப்பாட்டத் தொடமாட்டேங்குது மேடம்' என்று அவருடைய அம்மா மாணவர் நல அதிகாரியிடம் சொன்னதும் அந்த வாரத்தில்தான்.

கல்லூரி எல்லா மாணவருக்கும் இணையப் படிவமாக அனுப்பிய மனநலக் கேள்விகளில் க எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள பதிலையே தட்டியிருந்தார். ஆகவே ஆலோசகர் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விக் கருவியைத் தொலைபேசியிலேயே கேட்டார். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்பதை ஐந்து வாக்கியங்களில் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 25. 13-க்குக் கீழே இருந்தால் மேலும் பார்க்க வேண்டும். க-வுக்கு 7.

அடுத்த தடை, பேசுவதற்கு இடமில்லை. லயத்து வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுச்சுவர் கூரையைத் தொடாது; இந்தப் பக்கம் பேசினால் அடுத்த வீட்டிலும் கேட்கும். மண்டபத்திலோ ஊர்ப்பிள்ளைகள். முதல் இரண்டு அழைப்பிலும் க சொன்னது 'ஒன்னும் இல்ல மேடம், நல்லாத்தான் இருக்கேன்' மட்டுமே. மூன்றாவது முறை ஆலோசகர் முறையை மாற்றினார். க மாலை ஐந்தரைக்கு மண்டபத்திலிருந்து திடல் வரை நடப்பார், ஆலோசகர் அழைப்பார், ஆமாம், இல்லை, கொஞ்சம் என்ற மூன்று சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்பார். நீளமாகச் சொல்ல வேண்டியதை க இரவில் தட்டச்சு செய்து அனுப்பலாம். யாராவது எதிரே வந்தால் 'சரிங்க சார், நாளைக்கு அனுப்புறேன்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அதுதான் இருவருக்குமான அடையாளச் சொல்.

மொழியும் ஒரு விஷயம். துறையின் முதல் ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் பேசும் விரிவுரையாளர் ஒருவரை நடுவில் வைக்கலாம் என்று யோசனை வந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் அதே ஊரில் இருப்பது தெரிந்ததும் கைவிடப்பட்டது. வேறு வளாகத்திலிருந்த தமிழ் ஆலோசகரிடம் க மாற்றப்பட்டார். மேலே சொன்ன நடை ஏற்பாடு அவருடையது.

மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தின் கடைசிக் கேள்வி, உயிரோடு இருப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்ற எண்ணம் வந்ததா என்பது. க 'சில நாள்' என்றார். மொத்த மதிப்பெண் என்னவானாலும் இந்த ஒரு பதில் வந்துவிட்டால் அன்றே செய்ய வேண்டியவை உண்டு. ஆலோசகர் சுற்றிவளைக்காமல் நேராகக் கேட்டார்: திட்டம் ஏதும் இருக்கிறதா, முன்பு முயன்றது உண்டா, இன்றிரவு பக்கத்தில் யார் இருப்பார்கள். திட்டம் இல்லை. க-வின் சம்மதத்தோடு அவருடைய சின்னம்மாவுக்குச் சொல்லப்பட்டது. அப்பாவுக்கு வேண்டாம் என்று க கேட்டுக்கொண்டார். வீட்டில் ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது, இரவில் தனியாக விடாமலிருப்பது, தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை இருவர் கைப்பேசியிலும் பதிவது என்று அன்றே ஏற்பாடானது.

சின்னம்மாவின் முதல் கேள்வி, 'போலீஸ் கேஸ் ஆயிடுமா?' அந்தப் பயம் வீண் அல்ல. தற்கொலை முயற்சி அப்போது தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவில் குற்றமாகவே இருந்தது. 2023-இல்தான் அது நீக்கப்பட்டது. எண்ணத்தைச் சொல்வது குற்றமில்லை என்று விளக்கிய பிறகே அவர் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப்போக ஒப்புக்கொண்டார். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். மருந்து தரவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார்கள்.

ஐந்து பாடத்தில் இரண்டை விலக்கிக்கொள்ளத் துறை அனுமதித்தது. எந்த இரண்டு என்பதை க-வே தேர்ந்தெடுத்தார்.

மே 12-க்குப் பிறகு

நாடு முழுதும் ஆணை மறுபடியும் வந்தது. ஜூன் 1-இலிருந்து முழு முடக்கம். மண்டபம் மூடப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளும் வீடு திரும்பினார்கள், கைப்பேசி மறுபடியும் தம்பி கைக்குப் போனது.

மோடத்தை மண்டபத்திலேயே விட்டுவைக்காமல், லயங்களுக்கு நடுவிலிருந்த தண்ணீர்த் தொட்டி மேடைக்கு மாற்றினார்கள். -98 கிடைத்தது. சுற்றியுள்ள இரண்டு லயத்துத் திண்ணைகளுக்கு வைஃபை எட்டியது, கடைசி லயத்துக்கு எட்டவில்லை. கடவுச்சொல் இரண்டே நாளில் ஊருக்கெல்லாம் தெரிந்துபோய்த் தரவு மூன்றாம் வாரத்திலேயே தீர்ந்தது. பிறகு மாணவர்களின் சாதனங்களை மட்டும் அனுமதிக்கும்படி மாணவர் ச மாற்றி அமைத்தார். இதனால் அவருக்குப் பக்கத்து வீட்டோடு மனத்தாங்கல். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை இரண்டு மணி நேரம் திறந்துவிடுவது என்று பேசி முடித்தார்கள்.

கடைசி லயத்தில் இருந்தவர் மாணவர் த. அவருடைய அப்பாவுக்குக் குத்தகை வேலை நின்றது. ஜூன் கடைசியில் உதவி வேண்டும் என்று வெள்ளைக் கொடி கட்டிய வீடுகளில் அதுவும் ஒன்று. த உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போனார். துறைக்கு இது தெரிந்தது தேர்வு வாரத்தில்.

விளைவு

எழுவரில் ஐவர் எடுத்த பாடங்களில் எல்லாம் தேறினார்கள். அவர்களில் க-வும் ஒருவர், மூன்று பாடத்தில். நகரை ஒட்டிய வீட்டு மாணவர் ஒருவர் ஒரு பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. த தவணையை ஒத்திவைத்தார்.

தவணை முடிவில் ஐந்து கேள்விக் கருவியில் க-வின் மதிப்பெண் 14. கோட்டைத் தாண்டியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் சொல்ல முடியாது. தூக்கம் 12 மணிக்கு வருகிறது, கிளினிக்குக்குப் போகிறார், ஆலோசகரோடு பேச்சு தொடர்கிறது. இவற்றில் எது உதவியது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது. இரண்டு பாடம் குறைந்ததே பெரிய காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வருகை எச்சரிக்கை எதுவும் கடிதமாகப் போகக் கூடாது. முதலில் மாணவருக்கே அழைப்பு. வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டுமென்றால் யாரிடம், எந்த மொழியில் என்று மாணவரைக் கேட்டுவிட்டு.

ஒப்படைப்பு நேரங்களை இரண்டாம் வாரமே இறக்கிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. நள்ளிரவு 1 மணிக்கு மேல் தொடர்ந்து இரண்டு முறை அனுப்பியவருக்கும், முன்பு அனுப்பிவிட்டுத் திடீரென்று நின்றவருக்கும் அந்த வாரமே அழைப்பு போக வேண்டும். கேமரா நிலவரத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கைப்பேசி, நேரம், இடம் பற்றிய மூன்று விவரத்தையும் பதிவு நாளிலேயே கேட்டுவிடலாம். நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: வீட்டில் யாருடைய வேலையாவது நின்றிருக்கிறதா. த விஷயத்தில் விடுபட்டது அதுதான். தவணையை ஒத்திவைத்தால் அரசாங்க உயர்கல்வி நிதியான பிடிபிடிஎன் கடனுதவியும் நிறுத்தி வைக்கப்படும் என்பதை அவரிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு தொடர வழியிருந்ததையும் சொல்லவில்லை. ஒத்திவைப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன் இந்த இரண்டையும் தமிழிலோ மலாயிலோ விளக்கியதற்கு ஓர் அடையாளக் கட்டம் இப்போது சேர்க்கப்பட்டுள்ளது.